டிஸ்க் எடைக்கு வரம்பு வைக்கலாமா? போட்டி நடத்தியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பலரும் நடைப்பயிற்சிக்கு வரும் பூங்காவில் சின்னதாக ஒரு டிஸ்க் கோல்ஃப் (தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து கூடையில் விழவைக்கும் விளையாட்டு) போட்டி நடத்தப் போகிறோம். பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதிப்படி டிஸ்க் விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை போகலாம், 21.2 செ.மீ. டிரைவர் (தொலைவுக்கு எறியும் டிஸ்க்) என்றால் சுமார் 176 கிராம். பாதுகாப்புக்காக 150 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். எனக்கு அது மட்டும் போதும் என்று தோன்றவில்லை. எடை குறைந்தால் கை இன்னும் வேகமாக வீசும், காற்று டிஸ்க்கை எளிதில் திருப்பிவிடும். டிரைவரின் மெல்லிய விளிம்போ அப்படியேதான் இருக்கும். பாதையை ஒட்டிய கூடைகளுக்குப் புட்டர் (கிட்டத்திலிருந்து கூடைக்கு எறியும் டிஸ்க்) மட்டும், அப்புறம் ஆட்களை நிறுத்திக் கண்காணிப்பது, இது சரிவருமா?

வரம்பு வைத்து நடத்தியவர்கள் இருக்கிறீர்களா? தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டீர்களா, டிஸ்க்கில் எழுதியிருந்ததை நம்பினீர்களா? கனமான டிஸ்க் மட்டுமே கொண்டு வந்தவர்களை என்ன செய்தீர்கள்?