துன்பம் வந்த வீட்டில் விசுவாசம்: சந்திப்புப் பணியில் கண்டவை

வீட்டு ஜெபக்குழுப் பொறுப்பாளர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சாவு, புற்றுநோய், கடன், வேலையிழப்பு என்று ஏதோ ஒன்றில் அடிபட்டு "ஜெபிக்கவே வரமாட்டேங்குது" என்று சொல்கிறவர்களை வீடு சந்திப்பில் அடிக்கடி பார்க்கிறோம். அவர்களுக்கு எது கைகொடுத்தது, எது காயப்படுத்தியது என்று பணியில் இருப்பவர்கள் எழுதுங்கள். நான் வாக்குத்தத்த அட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

புது வருஷத்துக்கான வாக்குறுதியாக ஒரு வேதவசனம் அச்சிட்டு, டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கிற அட்டை வீட்டுச் சுவரில் இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 அதில் இருக்கும். மார்ச் மாதம் வீட்டுத் தலைவர் இறந்துபோனால், அந்த அட்டையைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் கேள்வி எழும்: கர்த்தர் சொன்னது பொய்யா? வசனத்தைக் கடிதத்திலிருந்து பிய்த்து எடுத்ததால் வருகிற சிக்கல் இது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதியது அது. அதற்கு முந்தைய 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி "இரண்டு வருஷகாலத்திலே" எல்லாம் சரியாகும் என்கிறான். கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்று எரேமியா முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஆகவே அந்த வீட்டில் 28ஆம் அதிகாரத்தையும் 29:1-14ஐயும் சேர்த்து வாசியுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள் என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது. அட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டாம். சூழலோடு வாசித்த பிறகு அவர்களே அதை வேறு மாதிரி பார்ப்பார்கள்.

மருத்துவமனை ஊழியத்தில் இருப்பவர்:

அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒன்று. வார்டில் முதலில் வருகிற கேள்வி கடவுள் இருக்கிறாரா என்பதில்லை, "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்பதுதான். பார்க்க வந்த உறவினர் யாராவது அதை ஏற்கெனவே விதைத்துவிட்டுப் போயிருப்பார். பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்ன யோவான் 9:3ஐ வாசித்துக் காட்டுங்கள்: "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்ல என்கிறார் இயேசு. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகு சொன்னதைத்தான் 42:7இல் கர்த்தர் கண்டிக்கிறார்.

கட்டிலருகே நிற்காதீர்கள், உட்காருங்கள். பதினைந்து நிமிஷம் போதும். "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நிமிஷத்துக்குள் முடியுங்கள். "கர்த்தர் நிச்சயம் சுகம் தருவார்" என்று அவர் சார்பில் உறுதிமொழி கொடுக்கவே கூடாது. சுகம் கிடைக்காதபோது நோயாளி உங்களைக் குறை சொல்லமாட்டார், "என் விசுவாசம் பத்தல" என்று தன்னையே குற்றம்சாட்டிக்கொள்வார். நோயோடு இந்தப் பாரமும் சேர்ந்தால் மனுஷர் தாங்கமாட்டார். மாற்கு 9:24இல் பிள்ளையின் தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று பாதி நம்பிக்கையோடுதான் கேட்டான். பிள்ளை குணமானான்.

மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் அல்ல. சர்க்கரை நோயாளி மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி சாப்பிடச் சொன்னான். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வெறும் விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சாக வேண்டும் என்று பேசினால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், தனியே விடாதீர்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

பெண்கள் ஐக்கிய சங்க வேதபாட ஆசிரியை:

சந்தேகத்தை வாயடைப்பதைவிட ஜெபமாக மாற்றுவதுதான் பலன் தருகிறது என்பது என் திடமான எண்ணம். அதற்கு வழி சங்கீதங்களிலேயே இருக்கிறது. 13ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டில் நான்கு முறை "எதுவரைக்கும்" என்ற கேள்வி, அடுத்த இரண்டில் விண்ணப்பம், கடைசி இரண்டில் நம்பிக்கை. இதைப் பார்த்து எழுதச் சொல்கிறோம். ஒரு நோட்டில் மேலே கர்த்தரின் பெயர். அடுத்து முறையீடு: நடந்ததை மழுப்பாமல், தேதி, தொகை, ஆள் என்று உள்ளபடியே. பிறகு ஒரே ஒரு விண்ணப்பம். கடைசியில், இன்று உண்மையாகச் சொல்ல முடிந்தால் மட்டும், நம்பிக்கையின் ஒரு வரி. முடியாவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். முறையீட்டை ஒரு வரியில் முடித்துவிட்டு, பயந்துபோய் உடனே துதிக்குத் தாவுகிறார்கள். துதி நிற்பதில்லை, மறுநாள் கோபம் இரட்டிப்பாகத் திரும்புகிறது. அவர்களுக்கு 88ஆம் சங்கீதத்தைக் கொடுங்கள். அது துதியில் முடியவே இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்றே நிற்கிறது. ஆனாலும் தொடக்கத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று யாரிடம் பேசுகிறோம் என்பதை மறக்கவில்லை. சிலுவையில் இயேசு சொன்னதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதானே. அநியாயம் செய்தவன் செழிப்பதைப் பார்த்து எரிகிறவர்களுக்கு 73ஆம் சங்கீதம். அதில் 17ஆம் வசனம்வரை, அதைப் பாடிய ஆசாப்புக்கு விடை கிடைக்கவில்லை. பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகே கிடைக்கிறது. அதனால்தான் சந்தேகத்தோடும் ஆராதனைக்கு வாருங்கள் என்கிறோம். பாட முடியாவிட்டால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாலும் போதும். இயேசு உயிர்த்தெழுந்ததைத் தோமாவும் நம்பாமல்தான் சீஷர்களோடு எட்டு நாள் இருந்தார். இயேசு வந்தபோது அவர் அந்த அறைக்குள் இருந்தார்.

கத்தோலிக்கத் தியான வழிகாட்டி:

ஆசிரியை அம்மா எழுதியது எங்கள் மரபோடும் ஒத்துப்போகிறது. 1521இல் பம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார், தம் மனத்தில் எந்த எண்ணம் பிறகும் அமைதியைத் தருகிறது, எது வறட்சியில் விடுகிறது என்று கவனிக்கக் கற்றார். அதிலிருந்து வந்த விதி ஒன்று துன்பத்தில் இருப்பவர்களுக்கு மிக அவசியம்: வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. துறவறத்தை விடுவது, சபை மாறுவது, பகையாளியோடு உறவை முறிப்பது எல்லாம் மனம் தெளியும்வரை காத்திருக்கலாம். ஆபத்திலிருந்து தப்புவது மட்டும் காத்திருக்கக் கூடாது; அடிக்கிற கணவனின் வீட்டிலிருந்து வெளியேறுவதற்கு இந்த விதி தடையல்ல. இன்னொன்று, செபத்தைக் குறைக்கத் தோன்றும்போது குறித்த நேரத்துக்குச் சற்று அதிகமாக இருப்பது. பதினைந்து நிமிடம் என்று வைத்திருந்தால் பதினாறு.

உணர்வு திரும்பவில்லை என்பதால் இறைவன் போய்விட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். 2007இல் வெளியான அன்னை தெரசாவின் கடிதங்கள், அவர் பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளோடுதான் பணி செய்தார் என்பதைக் காட்டின.

வீட்டு ஜெபக்குழுப் பொறுப்பாளர்:

நன்றி சகோதரி, சகோதரர்களே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அடக்க ஆராதனைக்குப் பிறகு ஒரு வாரம் வீடு நிறைந்திருக்கும், பிறகு யாரும் வருவதில்லை. கேள்விகள் பெரும்பாலும் அதன்பிறகுதான் கிளம்புகின்றன. மூன்றாம் மாதம், இறந்தவரின் பிறந்தநாள், முதல் நினைவுநாள் ஆகியவற்றைக் குழு நோட்டில் அப்போதே குறித்து, யார் போவது என்று பெயரும் எழுதுங்கள். முதல் கிறிஸ்துமஸுக்குக் கேரல் குழு வரலாமா என்று முன்னதாகவே கேளுங்கள். வேண்டாம் என்றால் இரண்டு பேர் மட்டும் பகலில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.