நீளப் பெட்டியா, நாலு கதவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, தம்பிகளே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் 4 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்ட் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று வாங்கப் போகிறேன். சிங்கிள் கேப் (ஒரே வரிசை இருக்கை, இரண்டு கதவு) எடுத்தால் பின்பெட்டி 7 அடிக்கு மேல் கிடைக்கும். டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை, நாலு கதவு) என்றால் ஏறக்குறைய 5 அடிதான்.

போன வாரம் மச்சானுடைய டபுள் கேப்பில்தான் பழம் ஏற்றினேன். இடம் பற்றாமல் பின்கதவைத் திறந்து, கயிறு கட்டி, அதன் மேலும் குலைகளை அடுக்கினேன். பாரம் பின் அச்சைத் தாண்டிப் போனதால் முன்பக்கம் லேசாகிவிட்டது. மழை பெய்த செம்மண் மேட்டில் ஸ்டீரிங்கை ஒடித்தும் வண்டி திரும்பவில்லை. கயிறு அறுந்து இரண்டு குலை உருண்டு, உதிரிப்பழம் எல்லாம் சேற்றில். என் மனைவி ஒவ்வொன்றாகப் பொறுக்கியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால் இரண்டு நடை போகவும் யோசனையாக இருக்கிறது.

சரி, சிங்கிள் கேப்தான் என்று முடிவு செய்தால், அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் எங்கே உட்கார வைப்பது? பின்பெட்டியில் ஆள் ஏற்றவே மாட்டேன். வீட்டில் வேறு கார் கிடையாது.

நீளப் பெட்டி வண்டியைத் தோட்டத்துக் குறுகலான பாதையில் திருப்ப முடிகிறதா? டபுள் கேப்பில் பழம் ஏற்றுகிறவர்கள், ஒரு நடைக்கு எத்தனை குலை ஏற்றுகிறீர்கள்? என் மரங்களில் குலை 20 கிலோ வரை வரும். அடுத்த வெட்டுக்குள் வாங்கியாக வேண்டும், தயவுசெய்து சொல்லுங்கள்.