வினாகிரியில் ஊறவைத்த கதவுப் பிணைச்சல் பின்னேரமே திரும்பக் கறள் பிடிக்கிறது, என்ன செய்யலாம்?

முற்றத்து வேம்பு:

வணக்கம். பருத்தித்துறையில் அம்மாவின் வீட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். கடல் இருநூறு மீற்றர்கூட இல்லை, வாடைக்காற்று நேரே வாசலுக்கு வரும். கதவுகள் வேம்பும் பாலையும். மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. இரும்புதான் கறள் பிடித்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது.

தச்சு வேலைக்கு வந்தவர், "இதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கோ" என்றார். எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பிணைச்சல்களை அம்மப்பா ஊர்க் கொல்லரிடம் சொல்லி அடிப்பித்தார். ஒவ்வொரு தகடும் என் கை நீளம் இருக்கும். கறள் கொஞ்சம் கழன்ற இடத்தில் சுத்தியல் விழுந்த தடம் தெரிகிறது. கடையில் வாங்கும் பிணைச்சலில் அது கிடைக்காது.

ஆறு சோடிப் பிணைச்சல், இரண்டு கொண்டி, குசினிக் கதவின் பூட்டு, யன்னலின் பித்தளைக் கைபிடி ஒன்று, கிணற்றடித் தகர வாளியின் கொளுக்கி, அம்மா தேங்காய் துருவும் திருவலை எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினுக்குள் போட்டு, வினாகிரி ஊற்றி நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் கம்பி பிரஷால் தேய்த்தபோது கறள் சேறு மாதிரி கழன்று போனது, இரும்பு சாம்பல் நிறத்தில் வந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா. கிணற்றுத் தண்ணீரில் நன்றாகக் கழுவி முற்றத்தில் காயவைத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் எல்லாம் மஞ்சள் பூசின மாதிரி. பித்தளைக் கைபிடி இளஞ்சிவப்பாகிவிட்டது. கொளுக்கியின் வெள்ளைப் பளபளப்பும் போய்விட்டது.

எங்கே பிழை விட்டேன்? இனி இவற்றைக் காப்பாற்ற முடியுமா?

நெல்லியடி சைக்கிள் கடை:

தங்கச்சி, கவலைப்படாதீர்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பது வருடமாகச் சைக்கிள் திருத்துகிறேன், உங்கள் பக்கத்துச் சைக்கிள்கள் என்னிடம் வரும்போது றிம்மைப் பார்த்தே கடற்கரை வீடு என்று சொல்லிவிடுவேன்.

வினாகிரி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பிழை அதற்குப் பிறகு நடந்தது. கறள் போன இரும்பு உரித்த தோல் மாதிரி, மேலே ஒரு மறைப்பும் இல்லை. ஈரத்தோடு விட்டால் சில நிமிடத்திலேயே புதுக் கறள் தொடங்கும். நீங்கள் கழுவினது கிணற்றுத் தண்ணீர். நம்முடைய சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டுதான் இருக்கிறது, கரையோரக் கிணறுகளில் உவர் இருக்கும். அந்த உப்பு இரும்பில் தங்கிக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். போதாததற்கு, இவ்வளவு வருடம் வாடைக்காற்றில் நின்ற இரும்பின் குழிகளுக்குள்ளும் உப்பு இறங்கியிருக்கும். மேலே உள்ள கறளை எடுத்தாலும் உள்ளே உப்பு இருந்தால் திரும்ப வரும். கடற்கரை இரும்புக்குக் கறளை எடுப்பது பாதி வேலைதான், உப்பை எடுக்க வேண்டும்.

இப்போது மாரி, நல்ல காலம். பீலித் தண்ணீரைப் பிடியுங்கள். முதல் பத்து நிமிடத் தண்ணீரை விட்டுவிடுங்கள், கூரையில் படிந்த உப்பு அதில்தான் வரும். மஞ்சளாகிப்போன பிணைச்சல்களை மறுபடி வினாகிரியில் ஒரு இரவு மட்டும் போடுங்கள். நான்கு நாள் அதிகம், கறள் முடிந்ததும் அமிலம் நல்ல இரும்பைத் தின்னத் தொடங்கும். எடுத்து மழைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, சலவைச் சோடா கரைத்த மழைத் தண்ணீரில் ஒரு கிழமை அமிழ்த்தி வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். சோடா மிச்ச அமிலத்தை முறிக்கும், அதற்குள் இருக்கும்வரை கறள் பிடிக்காது, உப்பும் மெல்ல மெல்ல வெளியே வரும். சலவைச் சோடா கிடைக்காவிட்டால் அப்பச் சோடாவும் பரவாயில்லை.

வெளியே எடுக்கும் நாளில் வெயிலை நம்பாதீர்கள். துணியால் துடைத்து, உடனே காஸ் அடுப்பில் கை பொறுக்காத சூடு வரும்வரை காட்டுங்கள். ஒரு துளி தண்ணீர் விட்டால் சீறிப் போகவேண்டும். அந்தச் சூட்டிலேயே தேன்மெழுகைத் தேயுங்கள், உருகிக் குழிகளுக்குள் இறங்கும். சுத்தியல் தடம் தெரியவேண்டும் என்றால் அறைக் கதவுகளுக்கு இதுதான் அழகு. வாசல் கதவுக்கு மெழுகு தாங்காது. அதற்கு ரெட் ஒக்சைட் அடித்துக் கறுப்புப் பெயின்ற் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்லுவார்கள், கதவுக்கு வேண்டாம், நாளாகப் பசை மாதிரி ஆகித் தூசியைப் பிடிக்கும். திருவலை வாயில் படுவது, அதற்கு மட்டும் தேங்காய் எண்ணெய்தான்.

கைபிடியையும் கொளுக்கியையும் இரும்போடு சேர்த்தது தவறு. பித்தளை என்பது செம்பும் நாகமும் (சிங்க்). அமிலம் நாகத்தைக் கரைத்ததால் செம்பு மேலே தெரிகிறது. மெல்லிய படைதான், பித்தளை மினுக்கும் களிம்பால் தேய்த்தால் போகும். கொளுக்கியின் வெள்ளை, நாகப் பூச்சு. அது கரைந்துவிட்டது, திரும்ப வராது. பெயின்ற் அடித்துப் பாவியுங்கள்.

பூட்டைத் திறந்து பார்த்தீர்களா? உள்ளே ஸ்பிரிங் இருக்கும். உருக்கு ஸ்பிரிங்கை அமிலத்தில் நெடுநேரம் வைத்தால் பிறகு முறியக்கூடும். கழற்றி எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் போதும்.

அல்வாய் ஆச்சி வீடு:

பிள்ளை, திருவலைக்கு நான் பாதித் தேசிக்காயில் உப்புத் தொட்டுத் தேய்ப்பேன். என் மாமியின் திருவலை இன்றைக்கும் அப்படித்தான் வெளிச்சமாக இருக்கிறது. பல்லுக்கு இடையில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள், கை பத்திரம்.

நெல்லியடி சைக்கிள் கடை:

ஆச்சி சொல்வது சரி, மெல்லிய கறளுக்கு அது நல்லாகக் கேட்கும். ஆனால் உப்பு சேர்ந்தது என்பதால் தேய்த்த கையோடு நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, அடுப்பில் காட்டி எண்ணெய் தொட்டுவிட வேண்டும். ஆச்சியின் திருவலை நன்றாக இருப்பது அவர் உடனே துடைப்பதால்தான் என்று நினைக்கிறேன்.

பழைய பெயின்ற் ஒட்டியிருந்தால் காய்ந்தபடி சுரண்டாதீர்கள் தங்கச்சி. அந்தக் காலத்துச் சிவப்பு அடிப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துச் சுரண்டுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

கொக்குவில் தம்பி:

அக்கா, கறள் தடிப்பாக இருந்தால் மின்சாரத்தால் எடுக்கும் முறையும் இருக்கிறது. கம்பசில் படிக்கும்போது வீட்டில் செய்து பார்த்தேன். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர், நான்கு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் மறை முனையைக் கறள் பிடித்த சாமானிலும், நேர் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் கொழுவுங்கள். இரண்டும் முட்டக்கூடாது. நேர் முனைத் துண்டு கரைந்துபோகும், சாமான் கரையாது. கொல்லர் அடித்த தடம் அப்படியே இருக்கவேண்டும் என்றால் வினாகிரியைவிட இது நல்லது, நல்ல இரும்பைத் தொடாது.

மூன்று விஷயம் மறக்கவேண்டாம். நேர் முனைக்கு ஸ்ரெயின்லெஸ் கரண்டி, தட்டு ஒன்றும் போடாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதிலாகக் கறியுப்புப் போட்டால் குளோரின் வரும். ஐதரசன் வாயு கிளம்புவதால் வெளி விறாந்தையில் வைத்துச் செய்யுங்கள், சார்ஜரை நிறுத்தாமல் கையை விடாதீர்கள்.

முற்றத்து வேம்பு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பதினொரு நாள் கழித்து எழுதுகிறேன்.

சைக்கிள் கடை அண்ணா சொன்ன மாதிரியே பீலித் தண்ணீரும் சோடாவும்தான். முதல் இரண்டு தடவை தண்ணீர் கலங்கலாக இருந்தது, மூன்றாம் தடவை தெளிவு. நேற்று அம்மா அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகச் சூடுகாட்டித் தர, நான் மெழுகு தேய்த்தேன். வீடு முழுக்கத் தேன் வாசம். இன்று காலை வரை ஒரு மஞ்சள் புள்ளி இல்லை. பூட்டின் ஸ்பிரிங் நல்ல காலம் தப்பிவிட்டது, திறப்பு இப்போது ஒரு விரலால் திரும்புகிறது. மூலையில் கறள் கட்டியாகக் கிடந்த கிணற்றுக் கப்பியை மட்டும் தம்பியின் முறையில் இரண்டு நாள் விட்டேன், வார்ப்பிரும்பு கறுப்பாக வந்திருக்கிறது.

எனக்குத் தெரியாத ஒன்றும் வெளிப்பட்டது. பிணைச்சல் தகடுகளின் பின்புறத்தில், கறளுக்குக் கீழே, பொட்டுக் குத்தின மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, இப்படி ஆறு வரை. கொல்லர் எந்தத் தகட்டுக்கு எந்தத் தகடு சோடி என்று குறித்திருக்கிறார். நான் கழற்றும்போது எல்லாவற்றையும் கலந்துவிட்டேன், அதனால்தான் நடு ஆணி ஒன்றிலும் நேராக இறங்கவில்லை. அரத்தால் இன்னும் கொஞ்சம் ராவியிருந்தால் அந்தப் புள்ளிகளையும் அழித்திருப்பேன்.

புள்ளி பார்த்துச் சேர்த்ததும் ஐந்து சோடி ஆணி தட்டாமலே இறங்கின. நான்கு புள்ளித் தகடு ஒன்று மட்டும் குறைகிறது. வேலைக்காரர் குப்பையோடு வீட்டுக்குப் பின்னால் கோடிக்குள் கொட்டியிருக்கலாம், காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி நாளைக்கு அங்கே தேடப்போகிறேன்.