வௌவால் ஒலிப்பதிவுல ஒண்ணுமே இல்ல, அவசரம்!

முகில்_எம்எஸ்சி: வணக்கம். ஒரு பாழடைஞ்ச மண்டபத்துல ஆடியோமாத்னு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டி வச்சேன். பொழுது சாயும்போது கண்ணு முன்னாலயே வௌவால் கூட்டம் கூட்டமா வெளிய போகுது. ஆடாசிட்டிங்கற ஒலி மென்பொருள்ல ஃபைலைத் திறந்து பாத்தா சில்வண்டு மட்டும்தான். கருவி போயிடுச்சா? திங்கக்கிழமை கைடுகிட்ட காட்டணும். சீக்கிரம் சொல்லுங்க.

பனங்காடு: எந்த ஊரு? என்ன செட்டிங்?

சுவர்க்கோழி: ஜிப் கவர் போட்டிருப்பீங்க. உள்ள வேர்த்து மைக்கை அடைச்சிருக்கும். கழட்டிப் பாருங்க.

தேனி_ராசு: ஸ்பெக்ட்ரோகிராமா (எந்த அதிர்வெண்ல சத்தம் இருக்குனு காட்டுற படம்) பாக்கறீங்களா, வெறும் அலையா? அதுல மேல் எல்லையைக் கூட்டணும்.

முகில்_எம்எஸ்சி: ஸ்பெக்ட்ரோகிராம்தான். எவ்வளவு கூட்டினாலும் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒண்ணும் இல்ல. நெல்லைப் பக்கம்.

எதிரொலி: வௌவாலோட மீயொலியை, அதாவது நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை, கிரிஃபினும் பியர்ஸும் 1938லயே பதிவு பண்ணிட்டாங்க. அடிப்படையைப் படிக்காம கருவியை மாட்டிட்டு இங்க வந்து அவசரம்னா எப்படி?

பனங்காடு: ஐயா, பாடம் அப்புறம். தம்பி, ஒரு ஃபைல் எத்தனை நொடி, எத்தனை எம்பி?

முகில்_எம்எஸ்சி: 55 நொடி. 5 எம்பி சொச்சம்.

பனங்காடு: அப்ப சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ். ஒலியை நொடிக்கு 48,000 தடவை அளக்குது, ஒவ்வொரு அளவும் (சாம்பிள்) 2 பைட், 55 நொடிக்கு 5.28 எம்பி. ரேட்ல பாதி அதிர்வெண் வரைக்கும்தான் பதிவாகும், அதான் 24ல முட்டுது. உன் வௌவால் கத்துறது அதுக்கு மேல. கருவி நல்லாத்தான் இருக்கு. ரேட்டை 384 கிலோஹெர்ட்ஸ் வச்சுத் திரும்பக் கட்டு. பழைய ஃபைலை என்ன பண்ணாலும் தேறாது.

சுவர்க்கோழி: இருந்தாலும் அந்தக் கவரை ஒரு தடவை...

தேனி_ராசு: 384 எதுக்கு? 250 போதும், கார்டு மிச்சம்.

பனங்காடு: போதாது. அந்தப் பக்கத்து மண்டபங்கள்ல ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ்னு ஒரு வௌவால் இனம் நிறைய. அது கத்துறது 130 கிலோஹெர்ட்ஸை ஒட்டி, அதுக்கு மேலயும் போகும். 250ல பாதி 125.

தேனி_ராசு: பழந்தின்னியா இருந்தா?

எதிரொலி: பழந்தின்னிக்கு எதிரொலியை வச்சு வழி பாக்கறதே கிடையாது. கண்ணும் மூக்கும்தான்.

சுவர்க்கோழி: ரூசெட்டஸ்னு ஒரு பழந்தின்னி நாக்கைச் சொடுக்கியே குகை இருட்டுல பறக்குதே!

எதிரொலி: நாக்குச் சொடுக்கும் மத்த வௌவால் குரல்வளையில எழுப்புற சத்தமும் ஒண்ணா?

சுவர்க்கோழி: வழி தெரியுதா இல்லையா? எதிரொலினு பேரை வச்சுக்கிட்டு நீங்களே இப்படிச் சொல்லலாமா?

தேனி_ராசு: சண்டையை விடுங்க. முகில், சத்தத்தை வச்சு வௌவாலைக் கண்டுபிடிக்கிற பேட்டிடெக்ட்2 மென்பொருள்ல போட்டா இனத்தோட பேரும் வந்துடும்.

பனங்காடு: வரும், பிரிட்டன் வௌவால் பேரு. அந்த மாடலைப் பழக்கினது அங்கத்து இனங்களை வச்சு. நெல்லை மண்டபத்துக்குக் கண்ணால பாத்துதான் பிரிக்கணும்.

எதிரொலி: குரல்வளைனு நான் சொன்னதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

முகில்_எம்எஸ்சி: 384 வச்சேன். 135 பக்கத்துல சின்னச் சின்னக் கோடு, முடிவுல கீழ இறங்குற வால். நன்றி அண்ணா. ஆனா 32 ஜிபி கார்டு ஒரே ராத்திரில நிறைஞ்சிடுச்சு.

பனங்காடு: ஒரு ஃபைலே 42 எம்பி ஆச்சே. வெளிய போற நேரம், திரும்புற நேரம் மட்டும் ஷெட்யூல் போடு. கார்டு என்ன கம்பெனி?