நுண்பாசி வளர்ப்பு: சுற்றுச்சூழலுக்கு வரவா, செலவா?

நெய்தல்:
ஒரு கிலோ உலர்ந்த நுண்பாசி வளர்வதற்குள் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கிறது. விளைநிலம் வேண்டாம், தரிசும் உப்புநீரும் போதும். இதை எரிபொருளாக்க ஏன் தயங்க வேண்டும்?

முகில்:
இழுத்தது உண்மை. எரித்தால் அவ்வளவும் திரும்பக் காற்றுக்குத்தானே போகும்? அதனால் அந்த 1.8 கிலோவை வரவில் எழுதாதீர்கள், நடுவில் ஆகும் செலவைப் பாருங்கள். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி தேறினாலே பெரிது. ஒரு கிலோ வேண்டுமென்றால் 2,000 லிட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். மையவிலக்கு இயந்திரத்தில் சுற்றி எடுத்தாலும் கையில் வருவது பச்சைக் குழம்புதான். அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அந்த 4 கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 9 மெகாஜூல் வெப்பம். காய்ந்த ஒரு கிலோ பாசி எரிந்து தருவதே சுமார் 20 மெகாஜூல். கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விட்டது!

கதிரொளி:
வெயிலில் காயவைத்தால்?

முகில்:
சின்ன அளவில் சரி. பெரிய அளவில் அதற்கே ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும், ஒரு மழை வந்தால் அழுகிவிடும்.

நெய்தல்:
காயவைக்கவே வேண்டாமே. ஈரத்தோடு காற்றுப் புகாத கலனில் போட்டு நொதிக்கவிட்டு மீத்தேன் எரிவாயு எடுக்கலாம். வடித்த தண்ணீரும் குளத்துக்கே திரும்பும்.

முகில்:
ஆவியான தண்ணீர் திரும்பாது. குளத்தின் ஆழமே 20-30 செ.மீ. உப்புநீர்க் குளத்தில் அந்த இழப்பை நன்னீரால் ஈடுகட்டாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அப்புறம் உரம்: பாசியின் எடையில் சுமார் 7 சதவீதம் நைட்ரஜன். அதை உரமாக வாங்கினால், அதைத் தயாரிக்க எரிந்த இயற்கை எரிவாயுவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

கதிரொளி:
கழிவுநீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் சும்மா கிடக்கின்றனவே. அப்படியே விட்டால் ஏரியைக் கெடுக்கும். வழக்கமான சுத்திகரிப்பில் பாக்டீரியாவுக்குக் காற்று ஊதவே ஏகப்பட்ட மின்சாரம் போகிறது. பாசி பகலில் தானே ஆக்சிஜன் தரும். பாசியை வளர்க்க வேண்டிய இடம் அதுதான் என்பேன்.

முகில்:
அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அது எரிபொருள் திட்டம் இல்லை, சுத்திகரிப்புத் திட்டம். ஒன்று மட்டும்: இரவில் ஆக்சிஜன் இறங்கினால் குளத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு வரலாம். நூறாண்டுக் கணக்கில் அது அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடேற்றும். அளக்காமல் பசுமை என்று சொல்லக் கூடாது.

நெய்தல்:
அளக்கட்டும், எனக்கும் சம்மதம். இரவிலும் காற்றூட்டினால் அதைக் குறைக்க முடியும்.

முகில்:
அப்படியென்றால் அந்த மின்சாரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.