மறு: மெம்பிரேன் ப்ரிசர்வேஷன் – ‘ஊறுகாப்பு’ சரிவருமா?

அன்புடையீர், வணக்கம்.

வீட்டு ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்) குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்கான கையேட்டைத் தமிழாக்கும் நண்பர் கேட்டிருந்தது:

> மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கான பகுதியில் ‘மெம்பிரேன் ப்ரிசர்வேஷன்’ என்று வருகிறது. ‘சவ்வுச் சேமிப்பு’ என்று போட்டிருக்கிறேன். போதுமா?

கருவி ஓடாத நாட்களில், நீரை வடிகட்டும் சவ்வைக் கெடாமல் வைத்திருப்பதைத்தான் அது சொல்கிறது. ‘சேமிப்பு’ அதற்குப் போதாது என்றே நினைக்கிறேன். அதே கையேட்டில் ‘சேமிப்புத் தொட்டி’ வேறு வருகிறது. குழப்பம் அங்கேயே ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், சேமித்து வை என்றால் நம் ஆட்கள் கழற்றி, துடைத்து, வெயிலில் காயவைத்து, பரணில் போட்டுவிடுவார்கள். சவ்வுக்கு அதுதான் எமன். இப்போது வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக் வகையாலான மென்படலச் சவ்வுகள். ஒருமுறை நனைந்த பிறகு காய்ந்துபோனால் தண்ணீர் விடும் திறன் குறைந்துவிடும், முழுதாக மீளாது. சரி, தண்ணீரோடு அப்படியே விட்டுவிடலாமா என்றால் அதுவும் ஆகாது. கரி வடிகட்டி குளோரினை எடுத்துவிடுவதால் உள்ளே தேங்கும் நீரில் கிருமி பெருகும். சவ்வின்மேல் வழவழவென்று பாசி மாதிரி படியும். கிருமிக்குப் பயந்து குளோரின் ஊற்றினால் பாலிஅமைடே அரித்துப்போகும்.

ஆக, காயவும் கூடாது, கெடவும் கூடாது. அதனால்தான் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் முக்கி, காற்றுப் புகாத பையில் மூடி வைக்கிறார்கள். உலர்பழங்கள் கெடாமலிருக்கச் சேர்க்கும் அதே பொருள்தான். இந்த இரண்டு வேலையும் சொல்லில் தெரிய வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

இதுவரை வந்த பரிந்துரைகளைப் பார்ப்போம். ‘பதனம்’ நல்ல சொல், ஆனால் தோல் பதனிடுதல், மீன் பதனிடுதல் என்று பொருளையே மாற்றிவிடும் வேலைகளுக்குப் பழகிவிட்டது. இங்கே சவ்வு மாறாமல் இருப்பதுதான் நோக்கம். தொழில்நுட்பர்கள் பேச்சில் இதை ‘பிக்ளிங்’ என்றும் சொல்வதுண்டு. அதை நேராகத் தமிழாக்க வேண்டாம். எஃகு ஆலையில் பிக்ளிங் என்றால் அமிலத்தில் முக்கித் துருவை நீக்குவது. யாராவது சவ்வை அமிலத்தில் போட்டுத் தொலைக்கப் போகிறார்கள்!

‘ஈரக்காப்பு’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் மின்காப்பு, வெப்பக்காப்பு எல்லாம் அந்தந்தப் பொருள் கடக்காமல் தடுப்பவை. அந்த வரிசையில் ஈரக்காப்பு என்றால் மொட்டைமாடியில் ஓதம் இறங்காமல் பூசும் பூச்சு என்றுதான் படிப்பார்கள். ‘ஊறல்’ பற்றிப் பேசவே வேண்டாம். நாளிதழ் படிப்பவருக்கு அந்தச் சொல்லோடு சாராயப் பானையும் போலீசும் சேர்ந்தே வரும்.

என் பரிந்துரை ‘ஊறுகாப்பு’. ஊறுகாய் போல வினைத்தொகை: ஊறியபடியே காக்கப்படுவது. ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, அப்படிப் படித்தாலும் தீங்கிலிருந்து காப்பது என்றுதானே ஆகும், நட்டமில்லை. நடுவே வல்லினம் மிகாமல் எழுத வேண்டும், அவ்வளவுதான். கரைசலுக்குக் ‘காப்புக் கரைசல்’ போதும். ஆர்.ஓ. என்ற பெயரிலுள்ள ஆஸ்மாசிஸ் நமக்குச் சவ்வூடு பரவல், இலங்கை நண்பர்களுக்குப் பிரசாரணம். அந்த வழக்கில் இந்தச் சொல் தலையிடாது. இன்னொன்று: நாம் கழற்றுவது வெறும் சவ்வு அல்ல, குழாயைச் சுற்றிச் சுருட்டிய முழு உருளை. அதைச் ‘சவ்வுச் சுருள்’ என்று பிரித்துச் சொல்லலாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“நீண்ட நாள் வெளியூர் செல்லும் முன் சவ்வுச் சுருளைக் கழற்றி ஊறுகாப்பில் வைக்கவும். கருவியில் சுத்திகரித்த நீர் 1 லிட்டருக்கு 10 கிராம் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் வீதம் கலந்து காப்புக் கரைசல் தயாரிக்கவும். பையை நன்றாக மூடி, தேதி எழுதி, நிழலில் வைக்கவும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்தால் சவ்வு பழுதாகும். கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும்) அளவு 3 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் புதிதாக மாற்றவும். ஊறுகாப்பிலிருந்து எடுத்து மாட்டியபின், நன்கு அலசி, முதலில் வரும் நீரைக் குடிக்காமல் கொட்டவும்.”

தடங்கலில்லாமல் ஓடுகிறது என்பது என் எண்ணம். சல்ஃபைட் சிலருக்கு, குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, மூச்சுத்திணறலைத் தூண்டும். அந்த எச்சரிக்கையைத் தனிக் கட்டத்தில் போடச் சொல்லி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். நாலைந்து நாள் பயணத்துக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம், திரும்பி வந்ததும் ‘அலசல்’ போதும். அது ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிற சொல்.

அப்புறம், கையேட்டில் ‘ரிஜெக்ட் வாட்ட’ருக்குக் ‘கழிவுநீர்’ என்று இருக்கிறது. உப்புச் செறிந்த நீர்தானே அது, சாக்கடை இல்லையே. தரை துடைக்கப் பிடித்து வைக்கலாம். ‘ஒதுக்குநீர்’ என்று மாற்றலாமா? இதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்.