'போஸ்ட்டாக்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

தரமணி:
மடற்குழு அன்புடையீர், எங்கள் நரம்பறிவியல் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் இடங்கள் இரண்டு காலி. அறிவிப்பின் தமிழ் வடிவம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. பிஎச்.டி. முடித்தவருக்கான ஒப்பந்தப் பணி, பட்டம் கிடையாது. 'முதுமுனைவர்' எனலாமா?

மயிலாப்பூர்:
தாராளமாக. எம்.ஏ. முதுகலை ஆகவில்லையா? முனைவர் என்பதற்கே தொல்காப்பிய வேர் உண்டு: 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்.' முன் நிற்பவன் முனைவன். முன்னோன், முன்னவன், முனி எல்லாம் ஒரே குடும்பம். முனி வடசொல் என்பாருக்குத் தனியே எழுதுகிறேன்.

நங்கநல்லூர்:
ஐயா, 'வினையின் நீங்கி' என்பது பிஎச்.டி. முடித்து வேலை கிடைக்காதவருக்கு அப்படியே பொருந்துகிறது! ஆனால் முதுமுனைவரை டி.லிட். என்ற, முனைவருக்கும் மேலான பட்டம் பெற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாதம் 58,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் புதுப்பிக்கக் காத்திருக்கும் பிள்ளைக்கு எதற்கு அந்த அடைமொழி? 'முனைவர்பின் ஆய்வாளர்' போதும்.

மயிலாப்பூர்:
முனைவர்பின் பை தூக்கிக்கொண்டு போகிறவரா?

நங்கநல்லூர்:
பல ஆய்வகங்களில் நடப்பது அதுதானே ஐயா.

பெரம்பூர்:
மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள் சொல்கிறேன், இடறுவது 'நரம்பு'. ரத்தம் எடுக்கும்போது 'நரம்பு கிடைக்கவில்லை' என்போம், அது சிரை, ரத்தக்குழாய். சுவரொட்டிகளில் நரம்புத் தளர்ச்சி வேறு. உங்கள் அறிவிப்பைப் பார்த்து நோயாளிகள் வந்து நிற்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் கருவிலுள்ள மூளையின் 5,132 வெட்டுத்துண்டுகளைப் படமாக்கி 2024இல் வெளியிட்டபோது செய்திகளில் 'மூளை' என்றதும் எல்லாருக்கும் புரிந்தது. 'மூளை அறிவியல்' என்றே போடுங்கள்.

தரமணி:
அம்மா, நாங்கள் ஆராய்வது ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவை. அதற்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். தலைப்பக்கம் ஒரு நரம்பு வளையம். அதை மூளை என்றால் பேராசிரியர் கையெழுத்திட மாட்டார்.

மயிலாப்பூர்:
நரம்பைக் கைவிடாதீர்கள். சங்க நூல்களில் அது யாழின் தந்தி. அதிர்வைக் கடத்துவது என்ற பொருள் அன்றே இருந்திருக்கிறது.

நங்கநல்லூர்:
தந்தி அதிர்வது வேறு, நரம்பணுவில் மின்துடிப்பு ஓடுவது வேறு ஐயா. வெள்ளிக்கு வருவோம்.

தரமணி:
பெரும்பாலோர் 'முனைவர்பின்' பக்கம். மயிலாப்பூர் ஐயாவின் கேலிக்கு அஞ்சி, 'முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர் – நரம்பறிவியல்' என்று விரித்து அனுப்பிவிட்டேன். தலைப்பில் இடம் போதாமல் வடிவமைப்பாளர் 'போஸ்ட்டாக்' என்று மாற்றக் கேட்கிறார்.

மயிலாப்பூர்:
என் மறுப்பைப் பதிவு செய்க. முனி பற்றிய மடல் நாளை வரும்.